"85 சதவீதம் பேருக்கு வேலை": எதில் 85?

தூரதேசி | மார்ச் 3, மாலை 6.10

இந்த நாட்டுக்கு வந்து சில மாதம்தான். புதிதாகக் குடியேறியவர்களுக்கு வேலை வாங்கித் தரும் திட்டங்கள் இரண்டில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று ஆறு வாரம்: ரெஸ்யூமே, இன்டர்வியூ பயிற்சி, உடனே வேலை. தளத்தில் "85% பேருக்கு வேலை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இன்னொன்று எட்டு மாதம்: மொழி வகுப்பு, தொழில் பயிற்சி, முடிவில் இன்டர்ன்ஷிப். அவர்கள் சொல்லும் எண் 52%. 85தான் பெரிது, பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். இதில் யோசிக்க ஏதாவது இருக்கிறதா?

கடைசிபெஞ்ச் | மார்ச் 3, இரவு 9.40

இருக்கிறது. முதலில் அந்த 85 எதில் 85 என்று கேளுங்கள்.

நான் இப்படி ஓர் அலுவலகத்தில் ஃபாலோ-அப் கால் போட்டுக்கொண்டிருந்தவன். பயிற்சி முடிந்து மூன்று மாதம் ஆனவர்களின் பட்டியல் ஸ்ப்ரெட்ஷீட்டில் வரும். பெயர், போன் நம்பர், கடைசிக் கட்டத்தில் ஒரு டிராப்டவுன்: "வேலையில் இருக்கிறார்", "வேலையில் இல்லை", "படிக்கிறார்", "தொடர்புகொள்ள முடியவில்லை". சில தடவை அழைத்தும் எடுக்கவில்லை என்றால் நாலாவதைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். ரிப்போர்ட் எடுக்கும்போது அந்த நாலாவது வகை ஃபில்டரில் காணாமல் போகும். யாரும் பொய் சொல்வதில்லை. "தொடர்புகொள்ள முடிந்தவர்களில்" என்று அடிக்குறிப்பு இருக்கும். ரிப்போர்ட்டிலிருந்து தளத்துக்குப் போகிற வழியில் அடிக்குறிப்பு உதிர்ந்துவிடும், அவ்வளவுதான்.

ஒரு கற்பனைக் கணக்கு. 100 பேர் சேர்கிறார்கள். 60 பேர் கடைசிவரை வருகிறார்கள். அதில் 40 பேர் போனை எடுக்கிறார்கள். அந்த நாற்பதில் 34 பேருக்கு வேலை. 34ஐ 40ஆல் வகுத்தால் 85%. 100ஆல் வகுத்தால் 34%. இரண்டுமே தப்பில்லாத கணக்கு.

போனை எடுக்காதவர்கள் யார்? நல்ல வேலை கிடைத்து நேரமில்லாதவர்களும் உண்டு. ஆனால் நான் அழைத்த பட்டியல்களில் நம்பர் மாறியவர்கள், வாடகை தாளாமல் வேறு ஊருக்குப் போனவர்கள், "இன்னும் கிடைக்கவில்லை" என்று மறுபடி மறுபடி சொல்ல வெட்கப்பட்டவர்கள்தான் அதிகம்.

கடைசிபெஞ்ச் | மார்ச் 3, இரவு 10.05

விட்டுப்போனது: "வேலை" என்றால் என்ன வேலை? வாரத்துக்கு எட்டு மணி நேரம் கிடங்கில் பெட்டி அடுக்கினாலும் அதே டிராப்டவுன், அதே வரி. மாமா மகன் மூலம் அவரே தேடிக்கொண்ட வேலையும் அதே வரிதான். பயிற்சி முடியும் முன்பே கிடைத்திருந்தாலும் அதே வரி.

கடைசிபெஞ்ச் | மார்ச் 4, காலை 7.20

ராத்திரி எழுதியது எண்ணை எப்படிக் கூட்டுகிறார்கள் என்பது பற்றி மட்டும்தான். அதைச் சுத்தமாகச் செய்தாலும் பெரிய கேள்வி மிச்சம் இருக்கிறது. அந்தத் திட்டத்தில் சேராமல் இருந்திருந்தால் அதே ஆளுக்கு என்ன ஆகியிருக்கும்?

குடியேறியவர்கள் விஷயத்தில் இது சாதாரணக் கேள்வி இல்லை. வந்த முதல் வருடம் யாருக்குமே வேலை நிலவரம் மோசம். இரண்டாம் வருடம் கொஞ்சம் தேவலை, மூன்றாம் வருடம் இன்னும் தேவலை. மொழி பழகும், ஆள் பழகும், எந்தப் பேருந்து எந்தத் தொழிற்பேட்டைக்குப் போகும் என்று தெரிந்துவிடும். திட்டமே இல்லாவிட்டாலும் காலம் பாதி வேலையைச் செய்துவிடும். ஆகவே "சேரும்போது யாருக்கும் வேலை இல்லை, முடிக்கும்போது பாதிப் பேருக்கு இருக்கிறது" என்ற முன்-பின் ஒப்பீடு காலத்தின் கூலியைத் திட்டத்தின் கணக்கில் வரவு வைக்கிறது.

சரி, சேராதவர்களோடு ஒப்பிட்டால்? அங்கேயும் ஒரு பள்ளம். ராபர்ட் லாலோண்ட் என்ற பொருளாதார அறிஞர் 1986இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் எல்லோரும் படித்தது. அமெரிக்காவில் 1970களில் நடந்த ஒரு வேலைத் திட்டத்தில் குலுக்கல் முறையில் சிலருக்கு இடம் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. அதனால் உண்மையான பலன் எவ்வளவு என்று தெரியும். லாலோண்ட் என்ன செய்தார் என்றால், குலுக்கலில் இடம் கிடைக்காதவர்களைத் தூக்கி வைத்துவிட்டு, நாடளாவிய சர்வேக்களிலிருந்து "இவர்களைப் போன்ற" ஆட்களை எடுத்து, அன்றைக்குப் புழக்கத்தில் இருந்த புள்ளியியல் முறைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். விடைகள் நாலா பக்கமும் சிதறின. சிலவற்றில் லாபம் நஷ்டமாகத் தெரிந்தது. ஒப்பிட யாரை எடுக்கிறோம் என்பதிலேயே விடை பாதி முடிவாகிவிடுகிறது.

உள்ளூர்க்காரர்கள் என்றால் பழைய சம்பளப் பதிவுகளை வைத்து ஓரளவுக்கு ஜோடி சேர்க்கலாம். நேற்று விமானத்தில் இறங்கியவருக்குப் பழைய பதிவு எங்கே? அவர் பத்து வருடம் பார்த்த வேலை இந்த நாட்டுக் கணினியில் வெறும் பூஜ்யம். வங்கி மேலாளரும் முதல் முறையாக வேலை தேடுபவரும் அந்தக் கணினிக்கு ஒன்றுதான். புதிதாக வந்தவர்களுக்கான திட்டங்களை மதிப்பிடுவது மற்றதைவிடக் கஷ்டம் என்பதற்கு இதுதான் முதல் காரணம்.

கடைசிபெஞ்ச் | மார்ச் 4, மதியம் 1.15

"அப்படியென்றால் எல்லாம் பித்தலாட்டமா?" என்று இங்கே படித்துக்கொண்டிருக்கும் மழைக்காகம் என்பவர் கேட்கிறார். இல்லை ஐயா. எண் தப்பு என்றால் திட்டம் தப்பு என்று ஆகாது. 52% காட்டும் திட்டம் 85% காட்டுவதைவிட எவ்வளவோ நல்லதாக இருக்கலாம். எப்படி என்பதை ராத்திரி எழுதுகிறேன், இப்போது மீட்டிங்.

கடைசிபெஞ்ச் | மார்ச் 4, இரவு 10.50

மீட்டிங் மூன்று மணி நேரம். தலைப்பு "நேர மேலாண்மை".

ஆட்களைப் பொறுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். அரசோ நன்கொடையாளரோ "எத்தனை பேருக்கு வேலை வாங்கித் தந்தாய்?" என்று கேட்டு அதற்கேற்ப அடுத்த வருடப் பணத்தைக் கொடுத்தால், அலுவலகம் யாரைச் சேர்க்கும்? எப்படியும் வேலை கிடைத்துவிடும் ஆளை. நல்ல ஆங்கிலம், கையில் டிகிரி, கார் ஓட்டத் தெரியும், சின்னப் பிள்ளைகள் இல்லை. இதைச் சேர்க்கை நேர்காணலிலேயே செய்துவிடலாம். "உங்களுக்கு எங்கள் மொழி வகுப்புதான் முதலில் பொருத்தம்" என்று கனிவாகச் சொல்லி வேறு கதவுக்கு அனுப்பிவிடலாம். நான் வேலை பார்த்த இடத்தில் அப்படி யாரும் உத்தரவு போட்டதில்லை. ஆனால் காலாண்டு முடிகிற சமயத்தில் யாருடைய ஃபைல் மேலே வரும், யாருடையது கீழே போகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இதற்கும் ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் 1982ஆம் ஆண்டுப் பயிற்சிச் சட்டத்தின் கீழ் உள்ளூர் அமைப்புகளுக்கு இப்படித்தான் இலக்கு வைத்தார்கள், ஊக்கத்தொகையும் கொடுத்தார்கள். அதே திட்டத்தை 1980களின் கடைசியில் ஏறத்தாழ 20,000 விண்ணப்பதாரர்களைக் குலுக்கலில் பிரித்து ஆராய்ந்தார்கள். பெரியவர்களுக்கு ஓரளவு பலன், இளைஞர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. ஜேம்ஸ் ஹெக்மனும் (2000இல் நோபல் வாங்கியவர்) அவரோடு சேர்ந்தவர்களும் அந்தத் தரவை வைத்து, முடித்தவுடன் எத்தனை பேருக்கு வேலை என்ற இலக்கு எண், நீண்ட காலத்தில் திட்டம் உண்மையில் எவ்வளவு கூட்டிக் கொடுத்தது என்பதை ஊகிக்க உதவுகிறதா என்று பார்த்தார்கள். உதவவில்லை.

மார்க் அதிகமுள்ள பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொண்டு நூறு சதவீதத் தேர்ச்சி காட்டும் பள்ளிக்கூடம் நமக்குத் தெரியாததா.

தூரதேசி, இரண்டு இடத்திலும் யாரைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று விசாரியுங்கள்.

கடைசிபெஞ்ச் | மார்ச் 5, காலை 6.55

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தால் "நீண்ட திட்டமே சிறந்தது" என்கிற தொனி அடிக்கிறது. அப்படிச் சொல்ல வரவில்லை. நீண்ட பயிற்சிக்கு ஒரு செலவு உண்டு: வகுப்பில் உட்கார்ந்திருக்கும் எட்டு மாதமும் வேலை தேட மாட்டீர்கள். ஆறாவது மாதம் அளந்தால் நீண்ட திட்டம் தோற்கும். மூன்றாவது வருடம் அளந்தால் ஜெயிக்கலாம். டேவிட் கார்டும் யோஹன் க்ளூவும் ஆண்ட்ரியா வெபரும் 200க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் காட்டியது. முதல் வருடத்தில் சராசரிப் பலன் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இரண்டு மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் மேலே வருகிறது, பயிற்சித் திட்டங்களில் அது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

அப்படிப் பார்த்தால் மூன்றாம் மாத போன் கால் யாருக்குச் சாதகம்? ஆறு வாரத் திட்டத்துக்கு.

கடைசிபெஞ்ச் | மார்ச் 5, இரவு 9.30

"அதெல்லாம் பொதுவான திட்டம். குடியேறியவர்களை வைத்து யாராவது ஒழுங்காகச் செய்தார்களா?" நியாயமான கேள்வி. எனக்குப் பிடித்தது ஃபின்லாந்து.

அங்கே 1999 மே மாதம் ஒரு சட்டம் வந்தது. வேலை இல்லாத குடியேறிகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஒருங்கிணைப்புத் திட்டம் எழுதவேண்டும் என்றது. ஆனால் 1997 மே 1க்குப் பிறகு மக்கள் பதிவேட்டில் ஏறியவர்களுக்குத்தான் அது கட்டாயம். ஏப்ரலில் வந்தவருக்கு இல்லை, மே மாதம் வந்தவருக்கு உண்டு. ஏப்ரல் ஆளுக்கும் மே ஆளுக்கும் வேறு என்ன வித்தியாசம் இருக்கப்போகிறது? குலுக்கல் போடாமலே குலுக்கல் போட்ட மாதிரி ஆகிவிட்டது. மட்டி சர்விமாகியும் காரி ஹமாலைனனும் இதைப் பிடித்துக்கொண்டு பத்து வருட வருமானத்தைப் பார்த்தார்கள். புதிய முறைக்குள் வந்தவர்களின் மொத்த வருமானம் 47% கூடியிருந்தது, வாங்கிய அரசு உதவி 13% குறைந்திருந்தது.

இதில் ரசமான பகுதி: பயிற்சி நாட்கள் ஒட்டுமொத்தமாகக் கூடவில்லை. உள்ளடக்கம்தான் மாறியது. பொதுவான வேலை தேடும் வகுப்புகள் குறைந்து, மொழி வகுப்பும் குடியேறிகளுக்கென்றே அமைத்த பயிற்சியும் கூடின.

டென்மார்க்கிலும் அதே 1999இல், ஜனவரி 1ஐ ஒட்டி, அகதிகளுக்கான மொழிப் பயிற்சியைப் பெரிதாக்கினார்கள். பதினெட்டு வருடம் வரை பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு இருக்கிறது. வருமான உயர்வு கரைந்துபோகவில்லை. அதே டென்மார்க் பின்னாளில் "முதலில் வேலை, மொழி பிறகு" என்று திரும்பியபோது ஆண்கள் சீக்கிரமாக வேலைக்குள் நுழைந்தார்கள், பெரும்பாலும் குறைந்த மணி நேர வேலைகளில். பெண்களுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரே நாடு, ஒரே மாதிரி ஆட்கள், இரண்டு வழி. எதை "வெற்றி" என்பீர்கள் என்பது எந்த வருடத்தில் அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கடைசிபெஞ்ச் | மார்ச் 6, காலை 8.10

மழைக்காகம்: "குலுக்கல் போட்டு மனிதர்களுக்கு உதவி மறுப்பது பாவமில்லையா?"

எல்லோருக்கும் இடம் இருந்தால் பாவம்தான். இருபது இடத்துக்கு அறுபது பேர் வந்து நிற்கும்போது நாற்பது பேர் எப்படியும் திரும்பித்தான் போகவேண்டும். இப்போது யார் திரும்பிப் போகிறார்கள்? மின்னஞ்சலை முதல் மணி நேரத்தில் பார்க்காதவர்கள். கைக்குழந்தையோடு வந்து வரிசையில் கடைசியாகச் சேர்ந்தவர்கள். உள்ளே ஆள் தெரியாதவர்கள். குலுக்கல் இதைவிட நேர்மையானது என்றுதான் எனக்குப் படுகிறது. கூடவே அந்த நாற்பது பேரின் பெயரைக் குறித்து வைத்து, ஒரு வருடம் கழித்து அவர்களுக்கும் போன் போட்டால் திட்டம் வேலை செய்கிறதா என்றும் தெரிந்துவிடும்.

இடம் கிடைக்காத ஒருவருக்கு நான் அப்படி அழைத்ததுண்டு. "எதுக்கு இப்போ கூப்பிடறீங்க, அன்னைக்கு இடம் இல்லைன்னுதானே சொன்னீங்க" என்றார். என்னிடம் பதில் இல்லை. கணக்குக்கு வேண்டும் என்று ஒருத்தரிடம் எப்படிச் சொல்வது.

கடைசிபெஞ்ச் | மார்ச் 6, இரவு 11.20

குலுக்கலும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. நேற்றே எழுதியிருக்கவேண்டும்.

திட்டத்தில் சேர்ந்த நீங்கள் ஒரு வேலையைப் பிடிக்கிறீர்கள். அதே வேலைக்கு வரிசையில் நின்ற இன்னொருவர் இழக்கிறார். குலுக்கலில் நீங்கள் ஜெயித்தவர், அவர் தோற்றவர். இருவரையும் ஒப்பிட்டால் திட்டம் பிரமாதம் என்று விடை வரும். ஊருக்கு மொத்தமாக ஒரு வேலைகூடக் கூடியிருக்காது.

பிரான்ஸில் புரூனோ க்ரெப்பான், எஸ்தர் டுஃப்லோ முதலானவர்கள் 2007இல் தொடங்கிய சோதனை இதற்காகவே அமைத்தது. படித்த, வேலையில்லாத இளைஞர்களுக்கான உதவித் திட்டம். 235 பகுதிகளை எடுத்துக்கொண்டு, சிலவற்றில் யாருக்கும் இல்லை, சிலவற்றில் கால்வாசிப் பேருக்கு, பாதிப் பேருக்கு, முக்கால்வாசிப் பேருக்கு, சிலவற்றில் எல்லோருக்கும் என்று விகிதத்தையே குலுக்கலில் முடிவு செய்தார்கள். எட்டு மாதம் கழித்து, சேர்ந்தவர்களுக்கு நிலையான வேலை கூடியிருந்தது. ஆனால் அதே பகுதியில் சேராமல் இருந்தவர்களுக்குக் குறைந்திருந்தது. வேலைச் சந்தை மந்தமாக இருந்த இடங்களில் இது அதிகம். வருடம் முடிவதற்குள் லாபமும் மறைந்தது.

புதிதாக வந்தவர்களுக்கு இது இன்னும் கடுமையாக இருக்கும் என்பது என் ஊகம். அவர்களைச் சேர்த்துக்கொள்ளும் முதலாளிகள் ஒரு வட்டத்துக்குள்தான் இருக்கிறார்கள். எங்கள் அலுவலகத்திலும் பக்கத்து அமைப்பிலும் ஒரே கிடங்கு மேலாளரின் நம்பர்தான் இருந்தது. அவருக்கு மாதத்தில் நான்கு ஆள் வேண்டும். யார் முதலில் அனுப்புகிறார்களோ அந்த அமைப்பின் ரிப்போர்ட்டில் நான்கு ஏறும்.

கடைசிபெஞ்ச் | மார்ச் 7, காலை 7.45

ஒரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி.

மருந்தாளுநர். தன் நாட்டில் ஆஸ்பத்திரி மருந்தகத்தின் பொறுப்பில் இருந்தவர். எங்களிடம் வந்தபோது பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் மொழிபெயர்ப்பு, அதற்குப் பின்னால் நோட்டரி முத்திரை. எங்கள் அலுவலகம் அவருக்கு ரெஸ்யூமே எழுதக் கற்றுக்கொடுத்தது. எப்படி என்றால், பதவிப் பெயரை எடுத்துவிட்டு "ஸ்டாக் கையாளும் அனுபவம்" என்று போடச் சொன்னோம். மருந்துக்கடை ஒன்றின் கிடங்கில் வேலை கிடைத்தது. எங்கள் கணக்கில் வெற்றி, அதுவும் "தொடர்புடைய துறை" என்ற கூடுதல் டிக்கோடு. அவருக்கு வேண்டியிருந்தது உரிமத் தேர்வுக்கான பணமும், அதற்குப் படிக்கச் சில மாதமும். அதை அளக்கும் கட்டம் எங்கள் ஷீட்டில் இல்லை.

ஜெர்மனி 2012இல் வெளிநாட்டுத் தகுதிகளை அங்கீகரிக்க ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஹெர்பர்ட் ப்ரூக்கர் முதலானவர்கள் கணக்கிட்டதில், அங்கீகாரம் கிடைத்து மூன்று வருடம் கழித்து அப்படிப்பட்டவர்கள் வேலையில் இருக்கும் வாய்ப்பு சுமார் 25 சதவீதப் புள்ளி கூடுதல், மணிக்கூலி சுமார் 20% கூடுதல். இந்த மாதிரி எண்ணைச் சாதாரண ரெஸ்யூமே வகுப்பில் நான் பார்த்ததே இல்லை.

ஆனால் ரெஸ்யூமே உதவி வீண் என்று முடிவுகட்டவும் முடியவில்லை. மியூனிக்கில் அகதிகளுக்கு ரெஸ்யூமே தயாரித்து, பொருத்தமான முதலாளிகளுக்கு அனுப்பிவைத்த குலுக்கல் சோதனை ஒன்று நடந்தது. ஒரு வருடத்தில், படிப்பு குறைந்தவர்களுக்கும், தங்கும் அனுமதி உறுதியாகாதவர்களுக்கும் அது கைகொடுத்தது. அதாவது எங்கள் மாதிரி அலுவலகம் கடைசிக்குத் தள்ளும் ஃபைல்களுக்கு.

கடைசிபெஞ்ச் | மார்ச் 7, மதியம் 12.30

சுவீடனில் புதிதாக வந்தவர்களைக் குலுக்கலில் பிரித்து, ஒரு பகுதியினருக்குத் தீவிரமான தனிக் கவனிப்பு கொடுத்துப் பார்த்தார்கள். கேஸ் வொர்க்கர் (ஃபைல்களைக் கவனிக்கும் ஊழியர்) ஒருவருக்கு ஆட்கள் குறைவு, சந்திப்பு அதிகம். வேலை வாய்ப்பு கூடியது. எந்த வகுப்பு, எந்தப் பாடத்திட்டம் என்று மல்லுக்கட்டுகிறோம். ஓர் ஊழியருக்கு எத்தனை ஃபைல் என்று கேட்பது எளிது.

கடைசிபெஞ்ச் | மார்ச் 8, மாலை 5.00

சம்பள மானியம் பற்றி ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். பதில் இங்கேயே: ஐரோப்பாவில் குடியேறிகளுக்கான திட்டங்களைத் தொகுத்து 2014இல் வந்த மதிப்பீடு ஒன்று, முதலாளிக்குச் சம்பளத்தில் ஒரு பங்கை அரசு கொடுக்கும் முறையைத்தான் தைரியமாகப் பரிந்துரைக்கலாம் என்றது. எதிர்ப்பக்கம்: ஜோர்டானில் கல்லூரி முடித்த இளம்பெண்களுக்கு மானியக் கூப்பன் கொடுத்த சோதனையில், கூப்பன் இருந்தவரை வேலை கூடியது, தீர்ந்ததும் பழைய நிலைதான். மானியம் முடிந்த மறுமாதம் ஆள் அங்கே இருக்கிறாரா என்று பார்க்காமல் எந்த எண்ணையும் நம்பவேண்டாம்.

கடைசிபெஞ்ச் | மார்ச் 8, இரவு 10.15

பேச்சு எங்கேயோ போகிறது, போகட்டும். இந்தத் திட்டங்கள் எல்லாமே "குறை உன்னிடம்" என்ற ஊகத்தில் நிற்கின்றன. மொழியைச் சரிசெய், ரெஸ்யூமேயைச் சரிசெய், கைகுலுக்குவதைச் சரிசெய்.

ஃபிலிப் ஒரியோபுலஸ் டொரன்டோவில் ஆயிரக்கணக்கான கற்பனை ரெஸ்யூமேக்களை அனுப்பிப் பார்த்து 2011இல் வெளியிட்டார். படிப்பும் அனுபவமும் கனடாவிலேயே பெற்றதாக எழுதி, பெயரை மட்டும் மாற்றினார். ஆங்கிலப் பெயர்களுக்கு இந்திய, சீன, பாகிஸ்தானியப் பெயர்களைவிடச் சுமார் 40% அதிகமாக அழைப்பு வந்தது. பெயரை எந்த ஆறு வார வகுப்பில் சரிசெய்வது?

அப்படியென்றால் முதலாளிப் பக்கம் விதி போடலாமே என்பார்கள். போட்டிருக்கிறார்கள். "கனடா அனுபவம் வேண்டும்" என்பது முதல் பார்வையிலேயே பாகுபாடு என்று, டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் மனித உரிமை ஆணையம் 2013இல் சொன்னது. பொது விளம்பரங்களில் அப்படிக் கேட்கக்கூடாது என்று அந்த மாகாணத்தின் சட்டம் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விளம்பரத்தில் எழுதாமல் மனதுக்குள் வைத்துக்கொண்டால் என்ன செய்வது என்பது வேறு பிரச்சினை. ஆனால் மதிப்பீட்டுக்காரர்களுக்கு நல்ல தேதி ஒன்று கிடைத்திருக்கிறது. யாராவது ரெஸ்யூமே சோதனையை அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் வைத்துப் பார்க்கலாம்.

கடைசிபெஞ்ச் | மார்ச் 9, காலை 6.40

தூக்கம் வராமல் யோசித்தது: சில சமயம் திட்டத்தைவிட, தடையை எடுப்பதே பெரிய திட்டம். ஜெர்மனியில் தஞ்சம் கேட்டவர்களுக்கு வேலை செய்யத் தடைக்காலம் இருந்தது. ஏழு மாதம் கூடுதலாகக் காத்திருந்தவர்கள், ஐந்து வருடம் கழித்தும் மற்றவர்களைவிட 20 சதவீதப் புள்ளி குறைவாகவே வேலையில் இருந்தார்கள். தடை எப்போதோ நீங்கியும் அந்த வடு ஆறவில்லை. காத்திருக்க வைத்துவிட்டு, அப்புறம் ஊக்கப் பயிற்சி வகுப்பு நடத்துகிறோம்.

ஜோர்டானில் சிரிய அகதிகளோடு நடந்த இன்னொரு சோதனையில் தகவல், திட்டமிடும் உதவி, சிறிய ரொக்கம் என்று மூன்றையும் முயன்றார்கள். இரண்டு மாதம், நாலு மாதம் கழித்து அகதிகளின் வேலையையும் வருமானத்தையும் தெளிவாகக் கூட்டியது ரொக்கம். இன்டர்வியூவுக்குப் போகக் காசில்லை என்பது அவ்வளவு பெரிய மர்மமா என்ன.

மழைக்காகம் இப்போதே கேட்டுவிடுவார்: "அப்போ வகுப்பை மூடிவிட்டு காசைக் கொடுத்துவிடலாமா?" நாலு மாதக் கணக்கை வைத்து அப்படிச் சொல்லமுடியாது. 5ஆம் தேதி காலையில் நானே எழுதியதுதான், எப்போது அளந்தார்கள் என்று பாருங்கள்.

கடைசிபெஞ்ச் | மார்ச் 10, இரவு 9.05

தூரதேசி இரண்டு இடத்துக்கும் போன் போட்டுவிட்டு வந்து எழுதியிருக்கிறார். சுருக்கமாக: 85% இடத்தில் அந்த எண் "முடித்து, தொடர்புகொள்ள முடிந்தவர்களில்". சேர்ந்தவர்கள் மொத்தம் எத்தனை என்று கேட்டதற்கு "அது உள் தகவல்". 52% இடத்தில் சேர்ந்த எல்லோரையும் வைத்துக் கணக்கு, ஒரு வருடம் கழித்து அளந்தது. மொழி நிலை குறைந்தவர்களையும் எடுக்கிறார்கள். ஆனால் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் இல்லை.

இந்தக் கடைசி வரி எனக்கு உறுத்துகிறது. எட்டு மாதம் வருமானம் இல்லாமல் தாங்க உங்களால் முடியுமா? கையிருப்பும், வேலை பார்க்கும் துணையும் இருந்தால் நீண்டதைத்தான் சொல்வேன். இல்லையென்றால் மாலை நேர மொழி வகுப்போடு ஏதாவது ஒரு வேலை. ஆறு வார வகுப்பில் ரெஸ்யூமேயை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியேறினாலும் குற்றமில்லை. (அவர்கள் ஷீட்டில் நீங்கள் "முடிக்காதவர்" ஆவீர்கள். அவர்களுடைய சதவீதத்துக்கு ஒன்றும் ஆகாது, கவலை வேண்டாம்.)

நீங்கள் எலக்ட்ரீஷியன் என்று இப்போதுதான் பார்த்தேன். அப்படியென்றால் உரிமத்துக்கு எந்தத் தாள்கள் வேண்டும் என்பதை இரண்டு திட்டத்தையும் நம்பாமல் உரிமம் கொடுக்கும் இடத்திலேயே கேளுங்கள். பழைய முதலாளியிடமிருந்து எத்தனை மணி நேரம் வேலை பார்த்தீர்கள் என்ற கடிதம் கேட்பார்கள். அங்கே கம்பெனி மூடுவதற்கு முன் வாங்கிவிடுங்கள்.

கடைசிபெஞ்ச் | மார்ச் 12, காலை 7.30

வேறொரு அமைப்பில் வேலை பார்க்கும் ஒருவர், "எங்கள் ஷீட்டில் என்ன சேர்க்கலாம், பட்ஜெட் ஒன்றும் இல்லை" என்று கேட்டிருக்கிறார். மூன்று கட்டம் போதும். விண்ணப்பித்த எல்லோருடைய பெயரும், இடம் கிடைக்காதவர்கள் உட்பட. நாட்டுக்கு வந்த தேதி, சேர்ந்த தேதி அல்ல. பன்னிரண்டாம் மாதத்தில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், மணிக்கு எவ்வளவு. "தொடர்புகொள்ள முடியவில்லை" வகையை ஃபில்டரில் தூக்காமல் தனி வரியாகவே ரிப்போர்ட்டில் விடுங்கள். மேலே இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். எங்கள் இடத்தில் சுளித்தார்கள், அடுத்த காலாண்டில் ஃபில்டர் திரும்பி வந்தது. உங்கள் இடத்தில் எப்படி என்று முயன்றுவிட்டு வந்து எழுதுங்கள்.